வார்த்தையைத் தனியாக விடாதீர்கள்: ஆங்கிலச் சொல்வளம் சேர்க்க ஒரு வழி

முதல் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். ஊரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம், இரண்டு நாள் லீவு வேண்டும். ‘ஆஸ்க்’ என்று எழுதுவது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தது. என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. நானூறு வார்த்தைக்கு மேல் சேர்த்திருந்தேன். நடுவில் ஒரு கோடு, இடதுபக்கம் ஆங்கிலம், வலதுபக்கம் தமிழ். அதில் ‘டிமாண்ட்: கேள், கோரு’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ‘ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்’ என்று மேலதிகாரிக்கு மெயில் தட்டிவிட்டேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிட்டார். “என்னப்பா, மிரட்டுறியா?” லீவு கிடைத்தது. அந்தப் பேர் போகத்தான் ஒரு வருஷம் ஆனது.

அகராதி பொய் சொல்லவில்லை. டிமாண்ட் என்றால் கேட்பதுதான். ஆனால் கொடுத்தே ஆகவேண்டும் என்று அடித்துக் கேட்பது. தொழிற்சங்கம் கேட்பது டிமாண்ட், புதுப்பையன் லீவு கேட்பது ரிக்வெஸ்ட். என் நோட்டில் அந்த வித்தியாசத்தை எழுத இடமே இல்லை. ஒரு கோடுதானே போட்டிருந்தேன்.

அந்த நோட்டைப் பரணில் போட்டபிறகு நான் பிடித்த வழியைப் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆங்கில வார்த்தைகளை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பெல்லிங் என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசித்து அகராதியில் தேடுங்கள். இரண்டு தடவை தப்பாகத் தேடிக் கண்டுபிடித்த ஸ்பெல்லிங் லேசில் மறக்காது.

முதல் நாள்: வீட்டைச் சுற்றி ஒரு கணக்கெடுப்பு

‘எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது’ என்பவர்களை நான் நம்புவதில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து ‘எக்ஸ்பைரி ஆயிடுச்சு’ என்கிறீர்கள். கண்டக்டரிடம் பேலன்ஸ் கேட்கிறீர்கள். கரண்ட் பில்லில் டியூ டேட் பார்க்கிறீர்கள். பாலம் வேலை நடக்கும் இடத்தில் டைவர்ஷன் போர்டு பார்த்து வண்டியைத் திருப்புகிறீர்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரிவரை உங்கள் வாயில் வந்த, கண்ணில் பட்ட ஆங்கில வார்த்தைகளை எழுதுங்கள். சாதாரணமாகவே நூறைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கும்: எக்ஸ்பைரிக்கு எக்ஸ்பயர், டைவர்ஷனுக்கு டைவர்ட், கண்டக்டருக்கு கண்டக்ட். கைவசம் இருக்கிற பெயர்ச்சொல்லிலிருந்து அதன் வினைச்சொல்லைப் பிடிப்பதுதான் முதல் நாள் பாடம்.

ஆனால் இந்தத் தாளில் சில கள்ளச்சாவிகளும் இருக்கும். நம் ஊருக்குள் வந்த ஆங்கில வார்த்தை பல நேரம் அர்த்தத்தை மாற்றிக்கொண்டுவிடுகிறது. ‘நாலு இட்லி பார்சல்’ என்று லண்டன் கடையில் சொன்னால் விழிப்பார்கள். அங்கே அது டேக்அவே, அமெரிக்காவில் டு கோ. பார்சல் என்றால் தபாலில் போவது. நமக்குச் சாப்பிடும் இடம் ஹோட்டல். அவர்களுக்குத் தங்கும் இடம். ‘அவன் ரொம்ப ஃபீல் பண்றான்’ என்றால் நமக்கு வருத்தம் என்று முழுசாகப் புரிகிறது. ‘ஹீ இஸ் ஃபீலிங்’ என்று நிறுத்தினால் ஆங்கிலக்காரர் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருப்பார்: ஃபீலிங் என்ன? ஸேடா, சிக்கா, ஹேப்பியா? வகுப்பில் கைதூக்கி ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதை இந்தியாவுக்குள் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். வெளியே அது ‘நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை’ என்று ஒலிக்கலாம். அங்கே கேட்கவேண்டியது க்வெஸ்சன்.

இது ஒருவழிப் பாதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்மிடமிருந்து போன கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆகி, இன்று பெரும்பாலும் இரண்டு உடல்கள் கொண்ட சொகுசுப் படகைக் குறிக்கிறது. நம் மிளகுத்தண்ணி அங்கே மல்லிகட்டானி என்ற சூப்பாகிவிட்டது. கடன் போன வார்த்தை போன இடத்துக்குத் தக்கபடி வாழும். அதனால் தாளில் உள்ள ஒவ்வொரு வார்த்தையையும் தெரிந்ததுதானே என்று விடாமல் அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த வார்த்தை, எத்தனை?

பத்திரிகையில் கண்ணில் படும் கடினமான வார்த்தையை எல்லாம் பொறுக்குவது வீண்வேலை. ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் இருக்கலாம். திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம்தான். வங்காளத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இதைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் உழைத்தார். அவர் 1953-இல் வெளியிட்ட ‘ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’ பட்டியலில் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தனித் தலைப்பாக வரும் சொற்கள். சாதாரண எழுத்தில் வரும் வார்த்தைகளில் பத்துக்கு எட்டு இந்தச் சொற்களுக்கும் அவற்றின் குடும்பத்துக்கும் உள்ளேயே அடங்கிவிடும். இப்போது இதேபோல ‘ஆக்ஸ்ஃபோர்டு 3000’ என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் ஒரு வருஷத்துக்கு அதைத் தாண்டவேண்டாம். பட்டியலைத் திறந்தால் ‘இதெல்லாம் தெரியுமே’ என்று தோன்றும். கெட், டேக், மேக், புட், கீப், ரன். தெரிந்த மாதிரி இருப்பதுதான் ஆபத்து. கெட் என்ற ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவர், அரிய வார்த்தை ஐம்பது வைத்திருப்பவரைவிட நன்றாகப் பேசுவார்.

நாளுக்கு ஐந்து வார்த்தை போதும். ஞாயிறு, பண்டிகை, சோம்பல் எல்லாம் கழித்து வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும் 1500 வந்துவிடுகிறது. நாளுக்கு முப்பது என்று ஆரம்பித்தவர்களில் இரண்டாவது வாரத்தைத் தாண்டியவரை நான் பார்த்ததில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

ஒரு ‘போடு’, பதினைந்து ஆங்கிலம்

இதுதான் நான் சொல்லவந்ததில் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நாம் ஆங்கில வார்த்தையை எடுத்து அதற்குத் தமிழ் தேடுகிறோம். ஆனால் பேசும்போது மனசு ஓடுவது எதிர்த்திசையில். தமிழ்தான் முதலில் வருகிறது, ஆங்கிலம் தேடப்படுகிறது. தமிழ் வினைச்சொல்லின் எல்லை ஒரு இடத்தில், ஆங்கில வினைச்சொல்லின் எல்லை வேறு இடத்தில். இந்த எல்லைத் தகராறில்தான் நம் தப்புகளில் முக்கால்வாசி.

‘போடு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி ‘புட்’ என்று சொல்லும். இப்போது வீட்டுக்குள் நடந்து பாருங்கள். சட்டை போடு: புட் ஆன். ஃபேன் போடு: ஸ்விட்ச் ஆன், அல்லது டர்ன் ஆன். ‘ஓப்பன் தி ஃபேன்’ கிடையாது. டீ போடு: மேக். சாப்பாடு போடு: ஸர்வ். கோலம் போடு: ட்ரா. கையெழுத்துப் போடு: ஸைன், அந்த ஒற்றை வார்த்தைக்குள்ளேயே கையெழுத்தும் போடுவதும் அடக்கம். தாழ்ப்பாள் போடு: போல்ட் தி டோர். சத்தம் போடாதே: டோன்ட் மேக் எ நாய்ஸ், கோபமாகக் கத்துவது என்றால் ஷவுட். சண்டை போடு: ஃபைட், வாய்ச்சண்டை மட்டும் என்றால் குவாரல். ஊசி போடு: கிவ் அன் இன்ஜெக்‌ஷன். பேங்க்கில் பணம் போடு: டெபாசிட். ஓட்டுப் போடு: வோட், அல்லது காஸ்ட் எ வோட். கோழி முட்டை போடும்: லே. தெருவில் குப்பை போடாதே: டோன்ட் லிட்டர். திட்டம் போடு: ப்ளான். இத்தனையிலும் ‘புட்’ வந்தது சட்டையில் மட்டும், அதுவும் ‘ஆன்’ என்ற துணையோடு.

அடுத்து ‘கேள்’. என்னைக் கவிழ்த்த சொல். அம்மா கூப்பிட்டது காதில் கேட்கவில்லை என்றால் ஹியர். பாட்டுக் கேட்டேன் என்றால் லிஸன், பின்னால் கட்டாயம் ‘டு’. வழி கேட்டேன் என்றால் ஆஸ்க். கவுன்ட்டரில் ரயில் நேரம் கேட்டேன் என்றால் என்கொயர். பிச்சை கேட்பது, கெஞ்சிக் கேட்பது பெக். பணிந்து கேட்பது ரிக்வெஸ்ட். வீட்டுக்காரர் வாடகையை இப்போதே வை என்று கேட்பதுதான் டிமாண்ட். தமிழில் இந்த வித்தியாசம் எல்லாம் குரலில், முகத்தில், கூட வரும் ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலம் அதை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது.

சில இடத்தில் நிலைமை தலைகீழ். பல் துலக்குகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், துணி துவைக்கிறோம், முகம் கழுவுகிறோம், வீடு அலசிவிடுகிறோம். ஆங்கிலத்துக்குப் பல்லுக்கு ஒரு ப்ரஷ். மற்றதற்கெல்லாம் வாஷ் போதும். இந்த மாதிரி இடம் கண்ணில் பட்டால் மனசுக்கு ஒரு சந்தோஷம்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: வாரம் ஒரு தமிழ் வினைச்சொல். ஒரு பக்கத்தின் தலையில் அதை எழுதி, வீட்டில் அது வரும் எல்லா வாக்கியங்களையும் கீழே வரிசையாக எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்குப் போங்கள். என் பழைய நோட்டில் ஆங்கிலம் இடதுபக்கம் இருந்தது. புதிய நோட்டில் தமிழ் வாக்கியம் இடதுபக்கம் வந்துவிட்டது.

அகராதியைப் படிப்பது எப்படி

ஆங்கிலம்-தமிழ் அகராதியில் முதலில் பார்ப்பதில் தப்பே இல்லை. சிலர் அதைப் பாவம்போல் பேசுவார்கள், எனக்கு உடன்பாடில்லை. அரை நிமிஷத்தில் திசை தெரிகிறது. ஆனால் அங்கேயே நிற்கக்கூடாது. அடுத்து, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கில-ஆங்கில அகராதிக்குப் போகவேண்டும். இப்படிப்பட்ட அகராதிகளுக்கு ஒரு சுவாரசியமான கதை உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளியானதுதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதிக்கு முன்னோடி. ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரவேண்டும், என்ன வரக்கூடாது என்பதை அது விலாவாரியாகச் சொன்னது. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவருக்கு அது தேவையில்லை. நமக்குத் தேவை. ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதை ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று நாம் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்போம். எக்ஸ்ப்ளெயினுக்கு அடுத்து விஷயம், அப்புறம் ‘டு மீ’. இது அர்த்தத்தைப் பார்த்தால் தெரியாது, எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

1978-இல் வந்த லாங்மன் அகராதி அர்த்தம் எழுதவே சுமார் 2000 எளிய வார்த்தைகளுக்குள் நின்றுகொண்டது. 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் இன்னொரு படி போய், அர்த்தத்தையே முழு வாக்கியமாக எழுதியது. ‘நீங்கள் ஒன்றைச் செய்ய ரிலக்டன்ட் என்றால், அதில் உங்களுக்கு மனசில்லை’ என்கிற பாணி. மூன்றையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. புதியவர்களுக்கு இரண்டாவது சுலபம்.

பார்க்கும்போது முதல் அர்த்தத்தோடு ஓடிவராதீர்கள். பெயர்ச்சொல் என்றால் எண்ணக்கூடியதா இல்லையா என்று குறிப்பு இருக்கும். அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், லக்கேஜ் இவற்றுக்கெல்லாம் பின்னால் ‘ஸ்’ போடக்கூடாது என்பது அந்தச் சின்னக் குறிப்பில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் படத்தை அழுத்தி உச்சரிப்பையும் கேட்டுவிடுங்கள்; கடனைக் குறிக்கும் ‘டெட்’ எழுத்தில் ஒரு பி-யை ஒளித்துவைத்திருக்கிறது, ‘ரிசீட்’ அதேபோல் ஒரு பி-யை. வேறு பி.

உங்கள் வாக்கியம்

அகராதியின் எடுத்துக்காட்டை நோட்டில் அப்படியே ஒன்று எழுதுங்கள். அடுத்து உங்கள் வீட்டிலிருந்து ஒன்று. எல்லோரும் சறுக்குவது இந்த இரண்டாவதில்.

ரிலக்டன்ட் என்று ஒரு வார்த்தை. அகராதியில் ‘தயக்கமுள்ள’ என்று இருக்கிறது. ‘மை ஃபாதர் இஸ் ரிலக்டன்ட்’ என்று எழுதி டிக் போடுகிறோம். இது செத்த வாக்கியம். ரிலக்டன்ட் இருந்த இடத்தில் டால், ஹேப்பி, ஹங்க்ரி எதைப் போட்டாலும் நிற்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ரிலக்டன்ட் என்றால் என்ன என்று அந்த வரி உங்களுக்குச் சொல்லாது. இப்போது இதைப் பாருங்கள்: ‘மை ஃபாதர் இஸ் ரிலக்டன்ட் டு செல் ஹிஸ் ஓல்ட் ஸ்கூட்டர்.’ இரண்டு வருஷமாக ஸ்டார்ட் ஆகாத வண்டி. துணியைப் போட்டு மூடிவைத்திருக்கிறார். காயலான் கடைக்காரர் வந்தால் மாடிக்குப் போய்விடுவார். இது எங்கள் வீட்டுக் கதை, உங்கள் வீட்டிலும் ஒரு தையல் மெஷினோ கிரைண்டரோ இருக்கும். வார்த்தையை மறந்தாலும் அந்த ஸ்கூட்டர் மறக்காது. ஸ்கூட்டர் வந்தால் பின்னாலேயே வார்த்தை வரும். கூடவே ‘டு செல்’ என்ற வால் எப்படி ஒட்டுகிறது என்பதும் வரும்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. ஹெசிடன்ட் என்பதற்கும் தமிழில் தயக்கம் என்றே இருக்கிறது. அப்பாவுக்கு இருப்பது அந்தத் தயக்கம் இல்லை. விற்கலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர் ஹெசிடன்ட். விற்க மனசே இல்லாதவர் ரிலக்டன்ட். என் நோட்டில் இப்போது ஹெசிடன்ட்டுக்கு ‘தயங்குதல்’, ரிலக்டன்ட்டுக்கு ‘மனசில்லாமல்’ என்று இருக்கிறது. அகராதி தராத தமிழை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆங்கில வார்த்தை உங்களுடையது.

வாக்கியம் சரியா என்று கேட்க ஆள் இல்லையே என்பீர்கள். வாக்கியத்தில் சந்தேகமான மூன்று நான்கு வார்த்தையை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுபொறியில் போடுங்கள். ‘ஹெவி ரெயின்’ போட்டால் செய்திகளாகக் கொட்டும். ‘ஸ்ட்ராங் ரெயின்’ அவ்வளவு வராது. தமிழிலும் மழை பெய்யும், காற்று வீசும். ‘மழை வீசுது’ என்றால் சிரிப்போம் இல்லையா? டீ ஸ்ட்ராங், மழை ஹெவி, மாத்திரையை டேக், தப்பை மேக், ஹோம்வொர்க்கை டூ. ஏன் என்று கேட்டுப் பயனில்லை. ஜோடியாகவே எழுதுங்கள்.

மறப்பதற்கு முன்னால் ஒரு தடவை

1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று தன் மேலேயே சோதித்து எழுதிவைத்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெருமளவு கரைந்துவிடுகிறது. இடைவெளி விட்டு விட்டுப் பார்த்தால் கரைவது குறைகிறது. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் இதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் அடக்கினார். ஃபோனில் வேண்டுமென்றால் ஆங்கி என்ற ஆப் அதே வேலையைச் செய்கிறது. எனக்கு அட்டைதான் ஒத்துவந்தது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, பின்பக்கம் வெற்றாக இருப்பதைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வெற்றுப் பக்கத்தில் தமிழ் வாக்கியம்: ‘பழைய ஸ்கூட்டரை விற்க அப்பாவுக்கு மனசில்லை.’ அச்சடித்த பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி ஆங்கில வாக்கியம். நான்கு சோப்பு டப்பா. முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது மாதம் ஒருமுறை. வாய்விட்டுச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பாகச் சொன்னால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பும். மனசுக்குள் சொல்லிவிட்டு ‘தெரியும்’ என்று தள்ளுவது கள்ளாட்டம்.

ஒரே அட்டை நாலைந்து தடவை முதல் டப்பாவுக்கே வந்தால் குற்றம் உங்கள்மேல் இல்லை, வாக்கியத்தின்மேல். கிழித்துவிட்டு வேறு வாக்கியம் எழுதுங்கள்.

வேர்ச்சொல் பற்றி இரண்டு வரி. ‘போர்ட்’ என்றால் லத்தீனில் சுமத்தல். போர்ட்டர், இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட் நான்கும் ஒரே இடத்தில் கட்டுப்படும். உற்சாகத்தில் ஏர்போர்ட்டையும் சேர்த்துவிடாதீர்கள். அந்த போர்ட் துறைமுகம், வேறு லத்தீன் சொல். தெரிந்த வார்த்தைகளை அடுக்கிவைக்க வேர் உதவும். தெரியாததை ஊகிக்கப் போனால் சில நேரம் பள்ளத்தில் இறக்கும்.

வாசிப்பதற்கு எடுக்கும் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் கை மூடிவிட்டால் அந்தப் புத்தகம் அடுத்த வருஷத்துக்கு. வெட்கப்படாமல் சிறுவர் கதையை எடுங்கள். வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி அகராதி பார்க்கவேண்டாம். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கதையோடு போங்கள். மூன்று தடவை புள்ளி விழுந்த வார்த்தைக்கு மட்டும் அட்டை போடலாம்.

இந்த வாரத்துக்கான வினைச்சொல் ‘எடு’. பக்கத்தின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்தான். லீவு எடுத்தான். நல்ல மார்க் எடுத்தான். பேங்க்கில் பணம் எடுத்தான். மீசையை எடுத்துட்டான். ஆட்டோ எடுத்துட்டு வந்தான். பல்லை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். தாகம் எடுக்குது. பஸ்ஸில் வாந்தி எடுத்தான். கடைக்காரர் ஃபோனை எடுக்கவே மாட்டேங்கிறார். இதில் ‘டேக்’ சரியாகப் பொருந்துவது எத்தனை என்று முதலில் பந்தயம் கட்டிவிட்டு, அப்புறம் அகராதியைத் திறங்கள்.